அடைசல் நீக்குதல்: ஒரு சனி, ஞாயிறுக்கான முறை

வீட்டில் அடைசல் சேர்வதற்கு முதல் காரணம், முடிவைத் தள்ளிப்போடுவது. கைப்பிடி கழன்ற வாணலியைச் சரிசெய்வதா, போட்டுவிடுவதா என்று தீர்மானிக்க நேரமில்லாதபோது அது பரணுக்குப் போகிறது. அளவு போதாத சட்டை, ஓடாத கடிகாரம், படித்து முடித்த பாடப்புத்தகம் என்று ஒவ்வொன்றும் "பிறகு பார்க்கலாம்" என்ற சொல்லோடு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பத்தாண்டில் இப்படிச் சேர்ந்தவை ஓர் அறையையே அடைத்துவிடும். அடைசல் நீக்குவதென்பது பெருக்கித் துடைப்பதிலிருந்து வேறுபட்ட வேலை. நின்றுபோன நூற்றுக்கணக்கான சிறு முடிவுகளை உட்கார்ந்து எடுக்கும் வேலை. ஆகவே உடம்புக்கு முன் மனம் களைத்துவிடும். அந்தக் களைப்பைக் கணக்கில் கொண்டு, நகரத்தில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கு ஏற்றவாறு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரைக்குமான முறை இங்கே தரப்படுகிறது.

பொருள்கள் சேரும் வழிகள்

தமிழ்நாட்டு வீடுகளில் அடைசல் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, கேட்காமல் வருபவை: கல்யாணத்துத் தாம்பூலப் பைகள், வெற்றிலை பாக்குடன் வைத்துக் கொடுத்த பிளவுஸ் பிட்டுகள், சீமந்தத்துக்கும் காதுகுத்துக்கும் வந்த எவர்சில்வர் டப்பாக்கள், கடைகள் தரும் கட்டைப்பைகள், நாள்காட்டிகள். இரண்டாவது, "உதவும்" என்று எடுத்து வைப்பவை: உணவகத்துப் பார்சல் டப்பாக்கள், ஊறுகாய் பாட்டில்கள், டிவியும் மிக்ஸியும் வந்த அட்டைப்பெட்டிகள். மூன்றாவது, பிறருக்காகக் காத்திருப்பவை: மணமாகிப் போன மகளின் புத்தகங்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனின் கிரிக்கெட் மட்டை, மறைந்த பெரியவர்களின் துணிகள்.

வந்த பொருள் வெளியே போக மறுப்பதற்கு மனத்தின் இயல்பும் ஒரு காரணம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் குவளை கொடுக்கப்பட்டது. குவளை பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் வாங்குவதற்குத் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. தன்னுடையது என்றான உடனேயே ஒரு பொருளின் மதிப்பு மனத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே "இதைக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதிலே வரும். "இன்று இது கடையில் இருந்தால் காசு கொடுத்து வாங்குவோமா?" என்று கேட்பதே பயன் தரும்.

முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியவை

போகிக்கும் ஆயுத பூஜைக்கும் வீட்டை ஒழிப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் அந்த நாட்களில் அவசரமும் சமையல் வேலையும் சேர்ந்துகொள்வதால், ஒழித்தது பாதியில் நின்று மீண்டும் பரணேறுவது உண்டு. பண்டிகை இல்லாத ஒரு வார இறுதியே இந்த வேலைக்கு ஏற்றது. அதைத் தொடங்குமுன் குடும்பத்தார் நான்கு செய்திகளை ஒப்புக்கொள்வது நல்லது.

ஒன்று: அவரவர் பொருளுக்கு அவரவரே முடிவெடுப்பவர். மாமியாரின் டிரங்குப் பெட்டியையோ, கணவரின் பழைய ரேடியோவையோ, குழந்தையின் உடைந்த பொம்மையையோ அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் போடக்கூடாது. ஒருமுறை அப்படி நடந்தால், அடுத்த முறை வீட்டில் ஒருவரும் எதையும் விடச் சம்மதிக்க மாட்டார்கள்.

இரண்டு: யார் வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விசாரணை வேண்டாம். செலவழித்த பணம் பொருளை வைத்துக்கொள்வதால் திரும்பாது.

மூன்று: வேலை எல்லோருக்கும் உரியது. சமையலறையும் பீரோவும் பெண்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டால், முடிவெடுக்கும் சுமை முழுவதும் ஒருவர் தலையில் விழும். தர்பி சாக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி ஆகியோர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, தம் வீட்டை அடைசலாகவும் முடியாத வேலையாகவும் வருணித்த மனைவியரிடம், நாள் முழுவதும் கார்டிசால் எனும் ஹார்மோன் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்று கண்டது. மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோன் அது. அடைசலின் சுமை வீட்டில் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை.

நான்கு: இரண்டு நாளில் முழு வீடும் முடியாது. சமையலறை, துணி, காகிதம், பரணில் ஒரு பகுதி ஆகிய இவ்வளவே இலக்கு. ஜப்பானைச் சேர்ந்த மரியே கோண்டோ பரப்பிய முறையில் ஒரு வகைப் பொருள் முழுவதையும் ஒரே குவியலாகக் கொட்டிப் பிரிப்பார்கள். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில், மாலைக்குள் முடியாத குவியல் கட்டிலை அடைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு தட்டை ஒழித்து, துடைத்து, திருப்பி அடுக்கிய பிறகே அடுத்த தட்டைத் தொடுவது பாதுகாப்பானது. நினைவுப் பொருள்களைக் கடைசியில் வைக்க வேண்டும் என்ற அவருடைய வரிசை மட்டும் இங்கேயும் பொருந்தும்.

வெள்ளி மாலை: ஏற்பாடுகள்

புதிய கூடைகளோ பெட்டிகளோ வாங்கக்கூடாது. எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி, தானே அடைசலாகும். வீட்டில் உள்ள கட்டைப்பைகளில் நான்கை எடுத்து "கொடுக்க", "எடைக்கு", "பழுது பார்க்க", "அபாயக் கழிவு" என்று சீட்டு ஒட்டினால் போதும். ஐந்தாவதாக ஓர் அட்டைப்பெட்டியில் "யோசிக்க" என்று எழுதி வைக்கலாம். இதில் போடும் பொருளுக்கு ஆறு மாதத் தவணை. தேதியை மேலேயே எழுதிவிட வேண்டும். அந்த ஆறு மாதத்தில் தேடப்படாத பொருள் வெளியே போகலாம். தயங்குபவரை வற்புறுத்தாமல் வேலையை நகர்த்துவது இந்தப் பெட்டிதான்.

பழைய பேப்பர் கடைக்காரரை ஞாயிறு மாலை வரச் சொல்லி அன்றே பேசி வைக்க வேண்டும். பொருள் வெளியேறும் நேரம் உறுதியானால்தான் பிரிக்கும் வேலைக்கு ஒரு முடிவு இருக்கும்.

சனி காலை: சமையலறை

உணர்ச்சி குறைந்த பொருள்கள் நிறைந்த இடம் சமையலறை. முடிவெடுக்கப் பழக அதுவே ஏற்றது. மளிகை அலமாரியில் தொடங்கி, காலாவதியான பாக்கெட்டுகளையும் மணம் போன பொடிகளையும் நீக்கலாம். வண்டு வைத்த பருப்பைப் பக்கத்து டப்பாக்களுக்குப் பரவுமுன் தனியே எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஒரே பொருள் மூன்று பாக்கெட்டுகளில் பிரிந்து கிடந்தால் ஒரே டப்பாவுக்கு மாற்ற வேண்டும். பின்னால் இருந்தது தெரியாமல் மறுபடி வாங்குவதே இந்த அலமாரி நிரம்பும் வழி.

அடுத்தது பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்லாவற்றையும் மூடியோடு பொருத்திப் பார்த்து, ஜோடி இல்லாதவற்றை எடைக்குப் போடலாம். ஒருமுறை பயன்படுத்தவென்று செய்த மெல்லிய பார்சல் டப்பாக்களில் சூடான உணவை மீண்டும் மீண்டும் வைப்பது நல்லதல்ல. அவற்றைச் சேர்த்து வைப்பதில் பொருளில்லை. பூச்சு உரிந்த நான்ஸ்டிக் தவாவும் போகலாம்.

எவர்சில்வர் பாத்திரங்களில் தயக்கம் வருவது இயல்பு. கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டிய பாத்திரத்தைப் பிறருக்குக் கொடுக்க மனம் வராது. அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: அன்றாடம் புழங்குபவை கைக்கெட்டும் தட்டில்; மற்றவற்றில் உறவின் அடையாளமாக ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, மீதியைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுத் தேவையானதை மாற்றிக்கொள்ளலாம். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை அவசரப்பட்டு விற்க வேண்டாம். பித்தளைக்கு மீண்டும் ஈயம் பூசிப் பயன்படுத்தலாம். வெண்கலப் பானையும் உருளியும் இன்று புதிதாக வாங்கினால் விலை அதிகம். ஆண்டுக்கொரு முறைகூட அடுப்பேறாத பெரிய அண்டாவை உறவினர் இரண்டு மூன்று வீட்டுக்குப் பொதுவாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

சனி மாலை: துணிகள்

ஒவ்வொருவரும் தம் துணியைத் தாமே பிரிக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் உடுத்தியதா, இன்றைய உடம்புக்குப் பொருந்துகிறதா, கிழிசலும் கறையும் இல்லாமல் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். பொருந்தாத ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க முடியுமானால் "பழுது பார்க்க" பைக்குப் போகலாம். அந்தப் பை இரண்டு வாரத்துக்குள் தையல்காரரிடம் போகவில்லையென்றால், அந்தத் துணிகள் தேவையில்லை என்றே கொள்ளலாம்.

பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் இழை மடிப்பில் அறுபடாது. அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது. அந்துருண்டை போட்டு வைத்த பழைய குழந்தைத் துணிகளைத் துவைத்து, நன்றாக வெயிலில் உலர்த்தாமல் பச்சிளங்குழந்தைக்கு உடுத்துவது ஆபத்து. ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கிழிந்த பழைய பட்டுக்கு, ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக விலை கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. அதை விற்குமுன் இரண்டு இடத்தில் விலை கேட்பது நல்லது.

பிளவுஸ் பிட்டுகளில் தைக்கப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த நவராத்திரிக்குக் கொடுக்க ஒரே பையில் கட்டி வைக்கலாம். பழைய பருத்தி வேட்டியும் புடவையும் துடைக்கும் துணியாகும். அதற்கும் ஓர் எல்லை வேண்டும், ஒரு பை அளவு போதும்.

ஞாயிறு காலை: காகிதங்களும் மருந்துகளும்

காகிதத்தில் தவறினால் இழப்பு பெரிது. தலை தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். மூன்று அடுக்குகளாகப் பிரிப்பது எளிது.

என்றும் வைத்திருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, உயில். இவற்றை ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடம் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் பல சான்றுகளின் மின்வடிவம் கிடைக்கும். ஆனால் சொத்துப் பத்திரத்தின் மூலத்துக்கு அது ஈடாகாது.

சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவை: வருமான வரிக் கணக்கும் அதற்கான ஆதாரங்களும் எட்டு ஆண்டு வரை, நடப்பில் உள்ள காப்பீட்டுப் பத்திரங்கள் முடியும் வரை, உத்தரவாத அட்டைகள் அந்தப் பொருள் இருக்கும் வரை. கடைகள் தரும் வெப்பத்தாள் ரசீதில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். முக்கியமானதை நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

உடனே போகக்கூடியவை: கட்டி முடித்த பழைய மின்கட்டண அட்டைகள், நிகழ்ச்சி முடிந்த அழைப்பிதழ்கள், விளம்பரத் தாள்கள். ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து உள்ள எந்தத் தாளையும் கிழிக்காமல் எடைக்குப் போடக்கூடாது.

பீரோவின் அடியில் பழைய வங்கிப் பாஸ்புக் கிடைத்தால் அதைக் குப்பை என்று எண்ண வேண்டாம். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த வைப்புத்தொகை ரிசர்வ் வங்கி நடத்தும் ஒரு நிதிக்கு மாற்றப்படுகிறது. ஆனாலும் கணக்கு வைத்தவரோ அவருடைய வாரிசோ வங்கி வழியாக அதைத் திரும்பப் பெறலாம். அதைத் தேடுவதற்கென்றே உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கியது.

பாடப்புத்தகங்களில் பாடத்திட்டம் மாறாதவற்றை மட்டும் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டு முதல் புதிய பாடநூல்கள் வந்ததால், அதற்கு முந்தையவை படிக்க உதவா. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துப் பைண்டு செய்த தொகுப்புகள், பழைய தமிழ் அச்சுநூல்கள் ஆகியவற்றை எடைக்குப் போடுமுன் ஆய்வு நூலகங்களைக் கேட்பது தமிழுக்குச் செய்யும் உதவி. சென்னையில் 1994-இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த இத்தகைய நூல்களிலிருந்தே பிறந்தது.

மருந்து டப்பாவைக் காகிதத்தோடு சேர்த்து முடித்துவிடலாம். காலாவதியான மாத்திரைகள், பெயர் தெரியாத துண்டு அட்டைகள், திறந்து நாளான கண் சொட்டு மருந்து எல்லாம் "அபாயக் கழிவு" பைக்கு. மாத்திரைகளை அட்டையோடு கொடுத்தால் யாரேனும் எடுத்து விற்கவோ உண்ணவோ கூடும். அட்டையைக் கத்தரித்துவிட வேண்டும். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தால் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தாது.

ஞாயிறு நண்பகல்: பரணில் ஒரு பகுதி

பரணில் தனியாக ஏறக்கூடாது. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் முகக்கவசம் அணிந்து ஏற வேண்டும். தேளோ பூரானோ இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையை உள்ளே நுழைக்காமல், விளக்கடித்துப் பார்த்த பிறகே பொருளை எடுக்க வேண்டும். ஒரு கதவுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் இறக்கினால் போதும்.

அட்டைப்பெட்டி கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் உணவு. உத்தரவாதக் காலம் முடிந்த மின்பொருள்களின் பெட்டிகளை மடித்து எடைக்குப் போடலாம். மீண்டும் ஏற்ற வேண்டியவை ஆண்டுக்கு ஒருமுறையாவது இறங்குபவையாக இருக்க வேண்டும்: கொலு பொம்மைகள், கார்த்திகை விளக்குகள், பயணப் பெட்டிகள். பொம்மைகளைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைக்கலாம். பெயிண்ட், தின்னர், மண்ணெண்ணெய் போன்ற தீப்பற்றும் பொருளைப் பரணில் வைக்கக்கூடாது. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பரண் கதவில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை தேடுவதற்கு முழுவதையும் இறக்க வேண்டியிருக்காது.

நேரமிருந்தால் மொட்டை மாடியையும் பால்கனியையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். உடைந்த தொட்டி, பழைய டயர், தேங்காய் மட்டை ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும்.

நினைவுப் பொருள்கள்

மறைந்தவர்களின் பொருள்களுக்கு இந்த இரண்டு நாளில் முடிவு கட்டக்கூடாது. இழப்பு நடந்து ஓராண்டாகாத வீட்டில் அவற்றைத் தொடாமல் விடுவதே முறை. பின்னர் பிரிக்கும்போது குடும்பத்தார் கூடி, ஆளுக்கொன்றாக அவர் புழங்கியதை எடுத்துக்கொள்ளலாம்: மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, கைப்பட எழுதிய சமையல் குறிப்பு. புகைப்படங்களை எண்ணிமமாக்கி, மூலத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வைக்க வேண்டும். அதில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடிய முதியவர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். நிறம் மங்கிய சுவாமி படங்களைப் பற்றிய முடிவு வீட்டுப் பெரியவர்களுடையது. மரத்தடியில் கண்ணாடிச் சட்டத்தோடு விட்டுவருவதை மட்டும் தவிர்க்கலாம். அந்தக் கண்ணாடி உடைந்தால் வழியில் போவோரின் காலைக் கிழிக்கும்.

ஞாயிறு மாலை: வெளியேற்றம்

கதவோரம் வைத்த பைகள் ஒரு வாரம் அங்கேயே இருந்தால், பாதிப் பொருள் திரும்ப உள்ளே வந்துவிடும். ஆகவே அன்று மாலையே அவை வீட்டை விட்டுப் போக வேண்டும்.

கொடுக்கும் துணி துவைத்து, பொத்தானும் ஜிப்பும் சரியாக இருக்க வேண்டும். பெறுபவருக்கு அது பரிசு. கிழிந்ததைக் கொடுப்பது அவரை அவமதிப்பதாகும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும், வேண்டுமா என்று கேட்ட பிறகே கொடுக்க வேண்டும், கையில் திணிக்கக்கூடாது.

பழைய கைபேசி, சார்ஜர், கம்பிகள் மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை போய்ச் சேர வேண்டும். புதியது வாங்கும் கடையிலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ கேட்கலாம். கொடுக்குமுன் கைபேசியில் உள்ள தகவல்களை அழிக்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ குப்பையில் போடவோ கூடாது. மருந்து, பாதரச வெப்பமானி, சி.எஃப்.எல். பல்பு, பெயிண்ட் டப்பா ஆகியவற்றை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. தூய்மைப் பணியாளரிடம் தனிப் பையில், சொல்லிக் கொடுக்க வேண்டும். மெத்தை, சோபா போன்ற பெரிய பொருள்களுக்கு உள்ளாட்சி அலுவலகத்தைக் கேட்கலாம்; சென்னையில் மாநகராட்சியின் 1913 எண் உண்டு.

எதையும் எரிப்பது தீர்வாகாது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரியும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் தாமதமாக்கின.

மீண்டும் சேராமல் இருக்க

ஒழித்த தட்டை நிரப்பாமல் விடுவது முதல் விதி. காலியிடம் வீணான இடமாகாது. புதிதாக ஒன்று வந்தால் அதே வகையில் ஒன்று போக வேண்டும். கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துப் போனால் பைகள் சேரா. விசேஷங்களுக்குத் திரும்பத் தரும் பரிசாகப் பழமோ மரக்கன்றோ கொடுத்தால், அடுத்தவர் வீட்டிலும் அடைசல் குறையும். மாதம் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம், ஒரு தட்டு என்ற கணக்கில் மிச்ச வீட்டை ஓராண்டில் முடிக்கலாம்.

எதையும் விட முடியாமல், நடக்க வழியின்றி, அடுப்பும் படுக்கையும் பயன்படாத அளவுக்குப் பொருள் நிறைந்த வீடுகளும் உண்டு. அது சோம்பலின் அடையாளமன்று. பொருள் பதுக்கும் கோளாறு என்று 2013-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் தனி நோயாக இடம்பெற்றது. அத்தகையவரின் பொருள்களை வலிந்து அப்புறப்படுத்தினால் துயரம் கூடுமே தவிர நோய் தீராது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து மனநல ஆலோசனை பெறலாம். மற்ற வீடுகளுக்கு வேண்டியது குடும்பத்தாரின் சம்மதமும், ஒரு சனி ஞாயிறும், ஞாயிறு மாலைக்குள் பைகளை வெளியேற்றும் உறுதியும்தான்.